திருட்டைப் பற்றிப் பேச நான்கு பழைய படங்கள்

வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போவது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். ஜாமெட்ரி பாக்ஸ், பத்து ரூபாய் நோட்டு, நேற்று வாங்கிய பேனா, சில நாள் தண்ணீர் பாட்டில். பொருள் போனதும் வகுப்பு முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பும். அந்தப் பார்வை ஓரிரு குழந்தைகள் மீதுதான் விழும். அவர்கள் யார் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். சட்டையில் பொத்தான் இல்லாதவர், அடிக்கடி விடுப்பு எடுப்பவர், முன்பு ஒருமுறை பிடிபட்டவர். போன பொருள் பல நேரம் மறுநாள் பையின் அடியிலேயே கிடைத்துவிடும். முந்தைய நாள் அந்தக் குழந்தை மீது விழுந்த பார்வையை மட்டும் யாரும் திரும்பப் பெறுவதில்லை.

இத்தகைய சமயங்களில் நாம் நீதிக்கதை சொல்வோம். திருடுவது தவறு என்று தெரியாத குழந்தை எந்த வகுப்பிலும் கிடையாது. தெரிந்ததையே மறுபடி சொல்வதால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொருளை இழந்தவர், எடுத்தவர், சந்தேகிக்கப்பட்டவர், பக்கத்தில் நின்று பார்த்தவர் ஆகிய எல்லாரையும் பொறுமையாகக் கவனிக்கும் வாய்ப்புதான் குழந்தைகளுக்குத் தேவைப்படுகிறது. அந்த வாய்ப்பைச் சில பழைய படங்கள் நன்றாகவே தருகின்றன.

அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக இந்தப் படங்களை மாணவர்களுக்குத் திரையிட்டு வருகிறேன். நான்குமே கறுப்பு வெள்ளைப் படங்கள். நான்கிலும் ஏதோ ஒன்று களவு போகிறது. அதன் நடுவில் ஒரு குழந்தை நிற்கிறது. முதல் மூன்றும் மாணவர்களுக்கு. நான்காவது நமக்கு.

1. தி கிட் (1921)

சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்த முதல் முழுநீளப் படம் இது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஏழைத் தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையை ஒரு பணக்காரரின் காரில் விட்டுச் செல்கிறாள். அந்தக் காரைத் திருடர்கள் ஓட்டிப்போகிறார்கள். உள்ளே குழந்தை இருப்பதைக் கண்டதும் ஒரு சந்தில் போட்டுவிடுகிறார்கள். அவ்வழியே வரும் நாடோடி சாப்ளின் குழந்தையை எடுக்கிறார். முதலில் யாரிடமாவது தள்ளிவிடத்தான் பார்க்கிறார், முடியவில்லை. பிறகு அவரே வளர்க்கிறார்.

ஐந்து வயதாகும்போது அந்தப் பையனுக்கு ஒரு ‘தொழில்’ இருக்கிறது. தெருவில் கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைப்பான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடிகளைச் சுமந்தபடி சாப்ளின் அங்கே வந்து, புதுக் கண்ணாடி மாட்டிக் காசு வாங்குவார். குழந்தைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், ‘இது சரியா?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி மாணவரிடமிருந்தே வரட்டும் என்று நான் காத்திருப்பேன். இதுவரை அது வராமல் போனதில்லை.

பின்பாதியில் அதிகாரிகள் வந்து பையனை ஆதரவற்றோர் இல்லத்துக்கு வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். பையன் இரு கைகளையும் நீட்டி அழுகிறான். சாப்ளின் கூரை மேல் கூரையாகத் தாவி ஓடி, அந்த வண்டிக்குள் குதித்து அவனை மீட்கிறார். சாப்ளினும் சிறுவயதில் தாயைப் பிரிந்து, லண்டனில் ஏழைகளுக்கான விடுதியிலும் பள்ளியிலும் தங்க வைக்கப்பட்டவர்தான். இதைப் படம் முடிந்த பிறகு சொன்னால் மாணவர்கள் அந்தக் காட்சியை மீண்டும் போடச் சொல்வார்கள்.

பையனாக நடித்த ஜாக்கி கூகனின் வாழ்க்கை தனியாக ஒரு பாடமாக நடத்தத் தக்கது. குழந்தை நட்சத்திரமாக அவர் ஈட்டிய பெரும் செல்வத்தை அவருடைய தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டனர். வளர்ந்த பிறகு அவர் 1938இல் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக, குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கென்றே சேமித்து வைக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 1939இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். குழந்தையின் உழைப்பைப் பெற்றோரே எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? எட்டாம் வகுப்பில் குழந்தை உரிமைகளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

செயல்பாடு: இது மௌனப் படம். உரையாடலுக்குப் பதில் இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அதற்கு மாணவர்களைத் தமிழில் எழுத்து அட்டைகள் எழுதச் சொல்லலாம். ஓர் அட்டைக்கு ஆறு சொற்களுக்கு மேல் கூடாது. சரளமாக வாசிக்கத் தடுமாறும் மாணவர்களும் இதில் முன்னே வந்து எழுதுவார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள், பையன் அப்பம் சுட்டு சாப்ளினைச் சாப்பிட அழைக்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சமமாகப் பங்கிடுதல் கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

2. பைசைக்கிள் தீவ்ஸ் (1948)

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ரோம் நகரம். வேலை இல்லாமல் இருக்கும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி மரியா வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துப் போய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். அடகுக் கடை ஊழியர் அந்த மூட்டையை வைக்க உயரமான அடுக்கில் ஏறுகிறார். அங்கே கூரை வரைக்கும் அதேபோன்ற மூட்டைகள். ஒரு வீட்டின் வறுமையைக் காட்டிக்கொண்டிருந்த படம், அந்த ஒரு காட்சியில் ஊரின் வறுமையைக் காட்டிவிடுகிறது. முதல் நாள் வேலையிலேயே சைக்கிள் திருடு போகிறது. அந்தோனியோவும் சிறுவன் புரூனோவும் நகரம் முழுவதும் அதைத் தேடுகிறார்கள்.

இயக்குநர் விட்டோரியோ டி சிகா தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தார். தந்தையாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. நம் மாணவர்களுக்கு இந்தப் படம் எளிதாக நெருங்கிவிடுகிறது. அடகுக் கடை அவர்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் மிதிவண்டி வீட்டுக்கு வந்தால், அதை அப்பா வேலைக்கும் அண்ணன் கடைக்கும் ஓட்டிப்போவதும் தெரியும்.

இறுதியில், எங்கும் சைக்கிள் கிடைக்காத தந்தை, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வேறொருவரின் சைக்கிளைத் திருடுகிறார். உடனே பிடிபடுகிறார். கூட்டம் அவரை அடித்து இழுக்கிறது. புரூனோ அதைப் பார்க்கிறான்.

படம் முடிந்ததும் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “அவரு ஏன் டீச்சர் பையனை வீட்டுக்கு அனுப்பிட்டுப் போய் எடுத்திருக்கக் கூடாது?” நான் பதில் சொல்லும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் சொன்னான்: “காசு கொடுத்து அனுப்பத்தான் பார்த்தாரு. பையன் டிராமை விட்டுட்டான்.” அவன் வகுப்பில் அதிகம் பேசாதவன். திரையில் இரண்டே விநாடி வரும் அந்த விவரத்தைப் பிடித்துவிட்டான். தொடர்ந்து அவனே சொன்னான்: “சைக்கிள்காரரு அந்தப் பையனைப் பார்த்துட்டுத்தான் விட்டாரு. அப்பாவைப் பார்த்து விடலை.” அதன்பின் பேச்சு சைக்கிள் உரிமையாளரைப் பற்றித் திரும்பியது. போலீசில் ஒப்படைக்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அவர் ஏன் விட்டார்? விட்டது சரியா? அரை மணி நேரம் போனது. ‘திருடுவது தவறு’ என்று ஒருவரும் சொல்லவில்லை. ‘திருடினால் தப்பில்லை’ என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

செயல்பாடு 1: இத்தாலிய மொழியில் படத்தின் பெயர் பன்மையில் இருக்கிறது. அமெரிக்காவில் வெளியானபோது அதை ஒருமையாக்கி ‘சைக்கிள் திருடன்’ என்ற பொருளில் வைத்தார்கள். எது பொருத்தம்? ஒருமை பன்மை இலக்கணத்துக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

செயல்பாடு 2: கடைசி ஐந்து நிமிடங்களை ஒலியில்லாமல் மறுபடி காட்டவும். ‘புரூனோவின் கைகள் என்னென்ன செய்கின்றன என்று மட்டும் எழுதுங்கள்’ என்று சொல்லவும். கீழே விழுந்த தந்தையின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுவது முதல் தந்தையின் கையைப் பற்றுவது வரை ஒரு கதையே அந்தக் கைகளில் இருக்கிறது.

ஒரு கவனம் தேவை. காவல் நிலையத்துக்குச் சென்று வந்த தந்தைகளின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருப்பார்கள். ‘உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?’ என்று கேட்கவே கூடாது. அந்தோனியோவையும் புரூனோவையும் பற்றி மட்டும் பேசினால் போதும். தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் குழந்தை, தானாக, தனியாக வந்து சொல்லும்.

3. பதேர் பாஞ்சாலி (1955)

சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் பார்த்த படங்களில் ஒன்று ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. தானும் இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற உறுதி அவருக்கு அப்போதுதான் வந்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் வங்க நாவலை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் புதியவர்களைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது. அதற்கு முன் அவர் எந்தப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை. பணமின்றிப் படப்பிடிப்பு பலமுறை நின்றது. ராய் தன் காப்பீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியால் படம் முடிந்தது. அடகு வைத்த விரிப்புகளின் கதையைப் பார்த்து ஊக்கம் பெற்றவர், தன் படத்துக்காக அடகுக் கடைக்குப் போனார் என்று சொன்னால் மாணவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

கதையில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கொய்யாப்பழம் பறித்து வந்து வயதான பாட்டிக்குக் கொடுப்பவள் துர்கா. அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கே சொந்தமாக இருந்து, கடனுக்காகக் கைமாறிப் போனது. ஒருநாள் தோட்டத்துக்காரப் பெண், தன் வீட்டு மணிமாலையைத் துர்கா எடுத்துவிட்டாள் என்று சண்டைக்கு வருகிறாள். துர்கா மறுக்கிறாள். அவமானம் தாங்காத தாய், மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள்.

பின்னர் மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு துர்கா இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் நேரத்தில், மேலடுக்கில் இருந்த ஒரு சிரட்டையை அப்பு எடுக்கிறான். அதற்குள் அந்த மணிமாலை! அவன் யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலையை வாங்கிக்கொண்டு, மெல்ல மூடிக்கொள்கிறது.

‘அப்பு ஏன் அதை அம்மாவிடம் காட்டவில்லை?’ என்ற ஒரே கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அரைப்பக்கம் எழுதச் சொன்னேன். “அக்கா பேரு இனிமே கெடக் கூடாது” என்று ஒருவர் எழுதியிருந்தார். “அம்மா அன்றைக்கு அடித்ததை நினைத்து அழுவார், அதனால்தான்” என்று ஒருவர். “திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அது அவர்கள் பொருள்” என்று மூவர். “தோட்டம் யாருடையது? முதலில் அதைத் திருப்பிக் கொடுக்கட்டும்” என்று ஒருவர். அந்த ஏடுகளுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. ஒவ்வொரு பதிலின் கீழும் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

ஆசிரியர்களுக்கென்றே இந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அப்பு சேரும் பள்ளியின் வாத்தியார் மளிகைக் கடைக்காரரும்கூட. கடையிலேயே பள்ளி நடக்கிறது. சரக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டே சொல்வதெழுதுதல் நடத்துகிறார். வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசுகிறார். இடையில் பிரம்பும் எடுக்கிறார். எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். படிவங்களும் பதிவேடுகளும் செயலிகளும் நிறைந்த நம் நாளிலும் தராசு வேறு வடிவில் கையில் இருக்கத்தான் செய்கிறது என்றார் சக ஆசிரியர் ஒருவர்.

இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் இப்படத்தை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டலாம். அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்த குழந்தை இருந்தால், கதையை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டு, பார்ப்பதும் பார்க்காததும் அவர் விருப்பம் என்று விட்டுவிட வேண்டும்.

4. தி 400 ப்ளோஸ் (1959)

இது மாணவர்களுக்கான படமன்று. ஆசிரியர்கள் சேர்ந்து பார்க்க வேண்டியது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படம். தன் சொந்தச் சிறுவயதிலிருந்தே பெரும்பகுதியை எடுத்திருந்தார். பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நானூறு அடிகள்’ என்று வரும். நானூறு முறை அடிவாங்கிய பையன் போலும் என்று நினைக்கத் தோன்றும். பிரெஞ்சில் அது கட்டுக்கடங்காமல் திரிவதைக் குறிக்கும் மரபுத்தொடர். மரபுத்தொடரை மொழிபெயர்க்கும்போது என்ன நேரும் என்பதற்கு இதை நான் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

படம் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. ஓர் ஆபாசப் படம் பையன்கள் நடுவே கைமாறிக்கொண்டே வருகிறது. அது அந்துவானின் கைக்கு வரும்போது ஆசிரியர் பார்த்துவிடுகிறார். தண்டனை அவனுக்கு மட்டும். அந்த நாளிலிருந்து அவன்தான் வகுப்பின் ‘கெட்ட பையன்’.

இன்னோரிடத்தில், பால்சாக்கின் நூலைப் படித்து மயங்கிப்போன அந்துவான், கட்டுரைத் தேர்வில் அதன் வரிகளை நினைவிலிருந்து எழுதிவிடுகிறான். ஆசிரியர் ‘காப்பி அடித்தான்’ என்று வகுப்பைவிட்டு அனுப்புகிறார். தானாக ஒரு பெரிய எழுத்தாளரைத் தேடிப் படித்த மாணவன் அவன். பிறர் எழுத்தை எப்படி எடுத்தாள வேண்டும் என்று சொல்லித்தர வேண்டிய தருணம் தண்டனையாகக் கழிந்துவிடுகிறது.

பள்ளியைவிட்டு விலகும் அந்துவான் தன் மாற்றாந்தந்தையின் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டச்சுப்பொறியைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்துப்போகிறான். எடுத்தபோது பிடிபடாதவன் திருப்பி வைக்கும்போது பிடிபடுகிறான். வீட்டார் அவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். அங்கிருந்து சீர்திருத்த மையம். கடைசியில் அங்கிருந்து தப்பிக் கடற்கரை வரை ஓடி, நம்மைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த முகத்திலேயே படம் உறைந்து நிற்கிறது.

த்ரூஃபோவும் இளமையில் அப்படியொரு மையத்தில் இருந்தவர். அவரை மீட்டுத் துணை நின்றவர் ஆந்த்ரே பசான் என்னும் திரை விமர்சகர். இந்தப் படம் அவருக்குத்தான் காணிக்கை. குழந்தை உறைந்து நிற்கும் இடத்திலிருந்து அதற்கு ஒரு வழி திறக்க, ஒரு பெரியவர் நம்பினால் போதும் என்பதற்கு அந்தக் காணிக்கை வரியே சான்று.

எங்கள் பள்ளியில் செய்தது

ஒரு சனிக்கிழமை பணி நாளில் ஆசிரியர்கள் ஒன்பது பேர் இந்தப் படத்தைப் பார்த்தோம். ‘திருப்பி வைக்கப் போன இடத்தில் பிடித்துவிட்டார்களே’ என்பதிலேயே பேச்சு சுற்றியது. திருப்பி வைக்க நம் பள்ளியில் வழி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மறுவாரம் தாழ்வாரத்தின் கோடியில், அதிகம் பேர் கவனிக்காத இடத்தில், மூடியுள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். ‘கண்டெடுத்தவை’ என்று அதில் எழுதியிருக்கிறது. விதி ஒன்றுதான்: யார் போட்டார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரும் சேர்த்து. பேனா, காம்பஸ், ஒற்றைக் கொலுசு, மடித்து வைத்த ஐம்பது ரூபாய் என்று வந்திருக்கின்றன. காணாமல் போன எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் பொருள் போனால் உடனே பைகளைக் கொட்டிச் சோதிக்கும் பழக்கம் நின்றிருக்கிறது. ‘பெட்டியில பாத்துட்டு வரேன் டீச்சர்’ என்று குழந்தைகளே சொல்கிறார்கள். சந்தேகப் பார்வை விழுவதற்குள் ஒரு நாள் அவகாசம் கிடைக்கிறது. அந்த ஒரு நாள் பல குழந்தைகளுக்குப் பெரிது.

திரையிடுவோர் கவனத்துக்கு

• முதலில் நீங்கள் தனியாக முழுப்படத்தையும் ஒருமுறை பாருங்கள். எங்கே நிறுத்துவது, எதைத் தவிர்ப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• மௌனப் படம் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத் துணை எழுத்துகள் வரும். கதைச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். முக்கிய உரையாடல்களை மட்டும் அவ்வப்போது சொன்னால் போதும்.

• கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் முதல் பத்து நிமிடம் சலசலப்பு இருக்கும். அதட்ட வேண்டாம். கதை பிடித்ததும் தானே அடங்கிவிடும்.

• வகுப்பில் அண்மையில் ஏதாவது காணாமல் போயிருந்தால், அந்த வாரம் இந்தப் படங்களைக் காட்டாதீர்கள். ஒரு குழந்தையைக் குறிவைத்துக் காட்டுவதாக ஆகிவிடும். எதுவும் நடக்காத அமைதியான நாளே இதற்கு உகந்தது.

• படம் முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று தொடங்க வேண்டாம். அதற்கான பதில் எல்லாருக்கும் மனப்பாடம். ‘என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். பார்த்ததைச் சொல்லத் தொடங்கிய குழந்தை, நினைத்ததையும் சொல்லிவிடும்.

முதலில் ‘தி கிட்’ படத்திலிருந்து தொடங்குங்கள். மொழி தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். அடுத்த திரையிடலுக்குப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், இந்த நான்கில் ஒன்றையாவது உங்கள் ஆசிரியர் அறையில் சேர்ந்து பாருங்கள். அப்போது நம் கண்முன் வந்து போகும் மாணவர் முகம் எது என்று ஒவ்வொருவரும் குறித்துக்கொண்டால், அடுத்த நாள் யாரிடம் கூடுதலாக இரண்டு சொல் பேச வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.